பேஸ் ஏக்கரும் பழைய கணக்கும்: வாசகர் கேள்வி – பதில்

(அமெரிக்காவின் மேற்குக் கன்சாஸில், ஒரு சின்னக் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) விவசாய அலுவலகத்தில் 14 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாசகி, இந்த இதழில் விவசாய மானியம் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பதில்களுக்கு முன்னால் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. என் கணவர் மருத்துவர். அவருக்கு இந்த ஊர் மருத்துவமனையில் வேலை கிடைத்ததால் வந்தோம். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, எஃப்.எஸ்.ஏ. ஆபீஸ் என்று எல்லாரும் சொல்லும் கவுண்டி விவசாய அலுவலகத்தில் கவுண்டர் வேலைக்குச் சேர்ந்தேன். விவசாயிகள் கொண்டுவரும் காகிதங்களை வாங்கி, சரிபார்த்து, கணினியில் ஏற்றுவதுதான் வேலை. கோதுமையும் சோளமும் விளைகிற பூமி. அங்கே பார்த்ததையும் படித்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன். யாருடைய பெயரையும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அக்கா, விடுமுறைக்குக் கன்சாஸ் வழியாகக் கொலராடோ போனோம். வழியில் பார்த்த ஒரு கவுண்டியின் பெயரை இணையத்தில் தேடினால், மானியம் வாங்கியவர்களின் பட்டியலே வருகிறது. ஒரே பண்ணைக்கு 12 லட்சம் டாலர்! நாம் கட்டும் வரிப்பணம் இப்படியா போகிறது? – டாலஸ் வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் பார்த்தது பெரும்பாலும் சுற்றுச்சூழல் பணிக்குழு என்ற அமைப்பு வெளியிடும் பட்டியலாக இருக்கும். அதை வாசிக்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, அந்தத் தொகை ஒரு வருடத்துக்கு உரியது இல்லை. 1995லிருந்து வந்ததையெல்லாம் கூட்டிப் போட்டிருப்பார்கள். 12 லட்சத்தை 30 ஆண்டுக்கு வகுத்தால் வருடத்துக்கு 40,000 டாலர். இரண்டாவது, 'பண்ணை' என்று ஒரே பெயர் இருந்தாலும் அதற்குள் அண்ணன், தம்பி, அப்பா என்று மூன்று நான்கு பங்காளிகள் இருக்கலாம். ஆளுக்கு 10,000, 13,000 என்று ஆகிவிடும். ஒரு கதிர் அறுக்கும் இயந்திரம் பல லட்சம் டாலர் விற்கிற ஊரில் அது பெரிய தொகை இல்லை.

அதற்காக உங்கள் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. வருத்தப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. மானியம் ஏக்கர் கணக்கில் வருகிறது. 300 ஏக்கர்காரருக்கு 300 ஏக்கருக்கு, 9,000 ஏக்கர்காரருக்கு 9,000 ஏக்கருக்கு. ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு. முன்பு வருடத்துக்கு 1,25,000 டாலராக இருந்ததை 2025ஆம் ஆண்டுச் சட்டம் 1,55,000 ஆக்கியது. ஆனால் கூட்டுப் பண்ணையில் பங்காளி ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரம்பு. 2018 சட்டம், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள், அண்ணன் தம்பி பிள்ளைகள் வரைக்கும் 'குடும்பம்' என்று சேர்த்துக்கொள்ள வழிவிட்டது. பெரிய பண்ணைகள் இதற்கென்றே வக்கீல் வைத்துக் காகிதம் தயார் செய்கின்றன. 300 ஏக்கர்காரர் தனியாக வந்து, மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன், கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்பார். நான் படித்துச் சொல்வேன். 14 ஆண்டும் எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான்.

இன்னொன்று: பயிர்க் காப்பீட்டுக்கு அரசு கட்டும் பங்கு இந்தப் பட்டியலில் வராது. விவசாயி கட்ட வேண்டிய பிரீமியத்தில் சராசரியாகப் பாதிக்கு மேல் அரசாங்கம்தான் கட்டுகிறது. அதற்கு மேலே சொன்ன உச்சவரம்பும் கிடையாது.

கேள்வி: மானியத்தை எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள்? விளைச்சலையா, விலையையா, நஷ்டத்தையா? எளிமையாகச் சொல்ல முடியுமா? – நியூ ஜெர்சி வாசகி

பதில்: எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். கவுண்டருக்குப் புதிதாக வருகிற விவசாயிக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் 'பேஸ் ஏக்கர்' என்று ஒன்று இருக்கிறது. இந்த நிலத்தில் முன்னொரு காலத்தில் என்ன பயிர், எத்தனை ஏக்கர் போட்டார்கள் என்பதன் பதிவு அது. பல நிலங்களுக்கு அந்தக் கணக்கு 1980களின் விதைப்பிலிருந்து வருகிறது. 2002இலும் 2014இலும் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தார்கள், சிலர் திருத்தினார்கள், பலர் அப்படியே விட்டுவிட்டார்கள். 2025 சட்டத்தில் புதிதாகக் கொஞ்சம் பேஸ் ஏக்கர் சேர்க்கவும் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அடிப்படை மாறவில்லை. அந்த நிலத்தில் இன்றைக்கு நீங்கள் சோளம் போட்டாலும், பேஸ் கோதுமை என்று இருந்தால் கோதுமைக் கணக்கில்தான் பணம்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். இங்கே நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்து வைத்திருக்கிறார்கள். ஒரு சதுர மைல் 640 ஏக்கர், அதில் கால் பங்கு 160 ஏக்கர். அதைக் 'குவார்ட்டர்' என்பார்கள். ஒரு குவார்ட்டர் முழுவதும் கோதுமை பேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எல்.சி. என்ற திட்டத்தில், அரசு கோதுமைக்கு ஓர் ஆதார விலை வைத்திருக்கிறது. 2025லிருந்து அது புஷலுக்கு 6 டாலர் 35 சென்ட், அதற்கு முன்பு 5 டாலர் 50 சென்ட். (கோதுமையில் ஒரு புஷல் என்றால் சுமார் 27 கிலோ.) நாடு முழுவதும் அந்தச் சந்தை ஆண்டின் (அறுவடை மாதத்திலிருந்து 12 மாதம்) சராசரி விலை 5 டாலர் 35 சென்ட் என்று வந்தால் வித்தியாசம் ஒரு டாலர். 160 ஏக்கரில் 85 சதவீதத்துக்குத்தான் பணம், அதாவது 136 ஏக்கர். பதிவில் இருக்கும் விளைச்சல் ஏக்கருக்கு 35 புஷல் என்றால், 136ஐ 35ஆல் பெருக்கி வருவது 4,760 டாலர். அதிலும் பட்ஜெட் வெட்டு என்று 5.7 சதவீதம் போகும். கையில் சுமார் 4,490 டாலர்.

இது எப்போது வரும் தெரியுமா? 2025 ஜூனில் அறுத்த கோதுமையின் சந்தை ஆண்டு 2026 மே மாதம்தான் முடிகிறது. பணம் 2026 அக்டோபரில். அறுவடை முடிந்து 16 மாதம். அதற்குள் அடுத்த பயிர் விதைத்து, வளர்ந்து, அறுத்தும் ஆகியிருக்கும். விதைக் கடன், உரக் கடன், டீசல் பாக்கி எதுவும் 16 மாதம் காத்திருப்பதில்லை.

அப்புறம் 'ஆர்க்' என்று இன்னொரு திட்டம். அது விலையோடு விளைச்சலையும் பார்க்கும். ஆனால் உங்கள் வயலின் விளைச்சலை அல்ல, கவுண்டி முழுவதற்குமான சராசரியை. கவுண்டியின் வருமானம் வழக்கமான அளவில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பணம் (2025க்கு முன்பு 86 சதவீதம்). ஒரு மே மாதச் சாயங்காலம் ஆலங்கட்டி மழை ஒரு நீளப் பட்டையாக அடித்துக்கொண்டு போனது. கதிர் விட்டிருந்த கோதுமை, பாய் விரித்த மாதிரி தரையோடு படுத்துவிட்டது. அந்த விவசாயி மறுநாள் காலையில் ஒரு கைப்பிடி தாளை அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்து கவுண்டரில் வைத்தார். தாள் முறிந்த இடத்தில் இன்னும் பச்சை ஈரம் இருந்தது. அவர் திட்டம் ஆர்க். கவுண்டியின் மற்றப் பகுதியில் அந்த வருடம் நல்ல விளைச்சல். அந்தத் திட்டத்தில் அவருக்கு ஒரு காசு வரவில்லை. பயிர்க் காப்பீடு எடுத்திருந்ததால் தப்பித்தார்.

கவுண்டி எல்லை என்பது சும்மா ஒரு மண்ரோடுதான். சீனாவோடு வரிச்சண்டை வந்தபோது, 2019இல், கவுண்டிக்கு ஒரு விகிதம் என்று ஏக்கருக்கு 15 டாலரிலிருந்து 150 டாலர் வரை உதவி நிர்ணயித்தார்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தொகை, அந்தப் பக்கம் ஒரு தொகை. இரண்டு பக்கமும் நிலம் வைத்திருந்தவர்கள் வந்து, ஒரே மண்தானே அம்மா என்று கேட்டார்கள். என்ன சொல்வது? அதற்கு முந்தைய வருடம் இன்னும் மோசம். சோயாவுக்குப் புஷலுக்கு 1 டாலர் 65 சென்ட் கொடுத்தார்கள், மக்காச்சோளத்துக்கு 1 சென்ட்.

கேள்வி: வாங்கும் மானியத்துக்கு வருமான வரி உண்டா? – ஆஸ்டின் வாசகர்

பதில்: உண்டு. ஜனவரி கடைசியில் 1099-ஜி என்ற படிவம் வரும். பண்ணை வருமானத்தோடு சேர்த்து 'ஷெட்யூல் எஃப்'இல் காட்ட வேண்டும்.

கேள்வி: அம்மா, யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதை உள்ளூர் ஆட்களே முடிவு செய்வதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா? – சிகாகோ வாசகி

பதில்: ஓரளவுக்கு உண்மை. விகிதமும் சட்டமும் வாஷிங்டனில் முடிவாகிறது. ஆனால் ஒவ்வொரு கவுண்டிக்கும் விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி உண்டு. குறைந்தது 3 பேர், கூடினால் 11 பேர், மூன்று வருடப் பதவி. ஓட்டுச் சீட்டு நவம்பரில் தபாலில் வரும். இவர் உண்மையிலேயே விவசாயம் செய்கிறாரா, காலம் கடந்து வந்த மனுவை ஏற்கலாமா, மேல்முறையீட்டுக்கு என்ன பதில் என்பதெல்லாம் கமிட்டி முன்னால் வரும்.

அக்கம்பக்கத்து ஆள் பக்கத்து வயலைப் பற்றி முடிவு செய்வதில் நல்லதும் உண்டு. எந்த வயலில் தண்ணீர் நிற்கும், யார் சொல்வது நம்பத்தக்கது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் இதன் மறுபக்கத்தையும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். 1933இல் ரூஸ்வெல்ட் காலத்தில் இந்த மானியம் தொடங்கியது. விலை அடிமட்டத்துக்குப் போயிருந்தது. விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும் என்று, முளைத்து நின்ற பருத்தியை உழுது அழிக்கச் சொன்னார்கள், 60 லட்சம் பன்றிக் குட்டிகளைக் கொன்றார்கள். பருத்தியை அழித்ததற்கான பணம் தென் மாநிலங்களில் நிலச் சொந்தக்காரர் கைக்குப் போனது. விளைச்சலில் பங்கு என்ற வாரக் குத்தகைக்கு உழுதவருக்கு அதில் பங்கு போய்ச் சேர்ந்த இடம் குறைவு. ஏக்கர் குறைந்தபோது ஆளும் தேவையில்லை என்று குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். அதை எதிர்த்து 1934இல் ஆர்கன்சாவில் வாரக்குடி விவசாயிகள் சங்கம் தொடங்கினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்த சங்கம்.

தென் மாநிலங்களின் கமிட்டிகளில் கறுப்பினத்தவர் நீண்ட காலம் இடம் பெறவே இல்லை. கடன் மனுவை மாதக்கணக்கில் கிடப்பில் போடுவது, விதைப்புக் காலம் போன பிறகு கொடுப்பது என்று நடந்ததைச் சொல்லி அவர்கள் போட்ட பிக்ஃபோர்ட் வழக்கு 1999இல் உடன்பாட்டுக்கு வந்தது. விடுபட்டவர்களுக்காக 2010இல் 125 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2024இல், அரசின் விவசாயக் கடன் திட்டங்களில் பாகுபாட்டுக்கு ஆளான 43,000 பேருக்கு ஏறக்குறைய 200 கோடி டாலர் கொடுத்தார்கள். அதற்குள் எத்தனை பேர் நிலத்தை இழந்திருந்தார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஒரு மனு என் மேஜையில் ஒரு நாள் கூடுதலாகக் கிடந்தால்கூட எனக்குத் தூக்கம் வராது. இந்த வரலாற்றைப் படித்த பிறகு வந்த பழக்கம் அது.

கேள்வி: நிலத்தைச் சும்மா போட்டு வைத்தாலும் அரசாங்கம் காசு கொடுக்கிறதாமே? – சான் ஹோசே வாசகர்

பதில்: சும்மா போடவில்லை, புல் வளர்க்கிறார்கள். சி.ஆர்.பி. என்று பெயர். 1985 சட்டத்தில் வந்தது. அரிப்புக்கு ஆளாகும் நிலத்தை 10 முதல் 15 வருடம் உழாமல், அந்த மண்ணுக்குரிய நாட்டுப் புல்லை விதைத்துக் காப்பாற்ற வேண்டும். அதற்கு வருட வாடகை. களை மண்டவிட்டால் கேள்வி வரும்.

இதன் அருமை மேற்குக் கன்சாஸில் இருந்தால்தான் தெரியும். 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, இந்தச் சமவெளியில் பட்டப்பகலில் இருட்டிவிட்டது. உழுது பொடியான மண் வறட்சியில் மலைபோல எழுந்து வந்தது. கறுப்பு ஞாயிறு என்பார்கள். என் கவுண்டருக்கு வந்த மிக வயதான ஒரு பெண்மணி அப்போது சின்னக் குழந்தை. ஜன்னல் இடுக்கில் அம்மா ஈரத் துணி சொருகியதும், தட்டுகளைக் கவிழ்த்தே வைத்து, சோறு போடும்போதுதான் நிமிர்த்தியதும் நினைவிருக்கிறது என்றார். அவருடைய நிலத்தில் பாதி சி.ஆர்.பி. புல். ஒருமுறை அளவு பார்க்க உடன் போனேன். இடுப்பு உயரப் புல்லுக்குள் நடந்தால் காலடியிலிருந்து ஃபெசன்ட் பறவை படபடவென்று எழும்பியது. நான் பயந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் குனிந்து ஒரு புல் குத்தை விலக்கி, அடியில் கறுப்பாக, ஈரமாக இருந்த மண்ணைக் காட்டினார்.

ஒரு சங்கடமும் உண்டு. நிலம் புல்லுக்குப் போனால் விதைக்கடை, உரக்கடை, டிராக்டர் மெக்கானிக், தானியக் கிடங்கு எல்லாருக்கும் வியாபாரம் படுத்துவிடும். அதனால்தான் பொதுவாகக் கவுண்டியின் சாகுபடி நிலத்தில் 25 சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை.

கேள்வி: அன்புள்ள அக்கா, என் மனைவி அமெரிக்கர். அவருடைய தாத்தா இறந்து, மேற்குக் கன்சாஸில் 160 ஏக்கர் மனைவி பெயருக்கு வந்திருக்கிறது. ஒருவர் பல வருடமாகக் குத்தகைக்கு விவசாயம் செய்கிறார். மானியம் எங்களுக்கு வருமா, அவருக்கா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்? – சியாட்டில் வாசகர்

பதில்: தம்பி, முதலில் குத்தகை எந்த வகை என்று பாருங்கள். ரொக்கக் குத்தகை என்றால் மானியம் முழுவதும் விவசாயம் செய்கிறவருக்கு. வாரக் குத்தகை என்றால் விளைச்சலைப் பங்கிடும் விகிதத்திலேயே மானியமும் பிரியும். இந்தப் பக்கத்தில் நெடுநாள் வழக்கம், நிலத்துக்கு மூன்றில் ஒன்று, உழைப்புக்கு மூன்றில் இரண்டு.

கவுண்டி ஆபீஸில் உங்கள் நிலத்தின் 156-ஈஇசட் என்ற தாளைக் கேளுங்கள். ஒரே பக்கம்தான். சாகுபடி ஏக்கர், பேஸ் ஏக்கர், பதிவு விளைச்சல் எல்லாம் அதில் இருக்கும். பத்திரம், வாரிசு ஆவணம், வங்கிக் கணக்கு விவரம் கொண்டுபோங்கள். வாரக் குத்தகை என்றால் உங்கள் மனைவியும் வருமான வரம்புப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சராசரி வருட வருமானம் 9 லட்சம் டாலருக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கிடைக்காது. தாத்தா பெயரிலேயே பதிவை விட்டுவிடாதீர்கள். இறந்தவர் பெயரில் பணம் போனால் வட்டியோடு திருப்பிக் கேட்பார்கள்.

இனி உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு இளைஞன், முப்பது வயது இருக்கும், மூன்று குவார்ட்டர் நிலத்தை வாரக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தான். சொந்த நிலம் கிடையாது. சொந்தக்காரர் இறந்து வாரிசுகள் வந்தார்கள், தூரத்து ஊர்க்காரர்கள். ஆதார விலை ஏறியதைப் படித்துவிட்டு, ரொக்கக் குத்தகை ஆக்கி, வரப்போகும் மானியத்தையும் சேர்த்து வாடகை கேட்டார்கள். படிவத்தில் மானியம் அவன் பெயரில், ஆனால் வாடகையாக அது அவர்களிடமே போய்ச் சேரும். இவனால் முடியவில்லை, பெரிய பண்ணை ஒன்று எடுத்துக்கொண்டது. நிலப் பதிவை மாற்றக் கையெழுத்துப் போட வந்தான். வயல்களின் வான்படம் மேஜையில் விரிந்திருந்தது. ஒரு மூலையில் விரலை வைத்து, இங்கே மட்டும் மழை பெய்தால் மூன்று நாள் தண்ணீர் நிற்கும், வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்றான். அந்த விரல் நகத்தில் கிரீஸ் கறை இருந்தது. அவன் போன பிறகு நான் பின்னறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சட்டப்படி அந்த வாரிசுகள் செய்ததில் தப்பு இல்லை. உங்களுக்கும் அந்த உரிமை உண்டு. ஆனாலும் முதல் வருடம் எதையும் மாற்றாதீர்கள் என்று உங்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். கன்சாஸில் எழுத்தில் இல்லாத குத்தகையை முடிக்க வேண்டுமானால் மார்ச் 1க்குக் குறைந்தது 30 நாள் முன்பு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். கோதுமை விதைத்திருந்தால் அறுவடை வரை அவருக்கு உரிமை உண்டு. ஆகவே அவசரமும் இல்லை. ஜூன் கடைசியில் அறுவடை நேரத்தில் இருவரும் போய் ஒரு நாள் அவருடைய டிரக்கில் உட்கார்ந்து வாருங்கள். அப்புறம் மூவரும் சேர்ந்தே கவுண்டி ஆபீஸுக்குப் போங்கள். சோளம், மக்காச்சோளம் எத்தனை ஏக்கர் போட்டார் என்று சொல்லக் கடைசி நாள் ஜூலை 15. அந்த வாரம் வரிசை வாசல் வரை நிற்கும், அதனால் மாத ஆரம்பத்திலேயே போய்விடுங்கள். வான்படத்தைக் கேட்டு வாங்கி, எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்று அவரைக் காட்டச் சொல்லுங்கள்.